பேட்டரி பாயும் என் ஜோடி மாடும்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. பேட்டரி பாய் என்றால் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வரைக்கும் தெரியும்.

திண்டுக்கல்லில் லாரிகள் வந்து நிற்கிற தெருவில் அவருக்குக் கடை. லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார். பிளேட் மாற்றுவார். எனக்குச் செம்பட்டி ரோட்டை ஒட்டி நிலம். தக்காளி, வெங்காயம் போடுவேன். ஒரு ஜோடி மாடு இருந்தது. ஒன்று செவலை, ஒன்று மயிலை. எனக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. அவருக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் ஊருக்கு முன்னால் ரோட்டில் ஒரு மேடு உண்டு. அதுதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

முதல் தடவை அவரைப் பார்த்தபோது நான் களத்தில் வெங்காயம் உதறிக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒரு சின்னக் கார் வந்தது. சத்தமே இல்லை. காற்றுத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. மேட்டில் பாதி ஏறியது. நின்றது. வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி, ஒல்லியான ஆள் ஒருவர் இறங்கினார். சட்டையை உதறி விட்டுக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்தார்.

வண்டி நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல மாப்ள. உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றார்.

அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. யாரைத் தேடி வந்தீர்கள் என்று மறுபடி கேட்டேன். "உங்களத்தான்" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, அழைத்து வந்த விருந்தாளி மாதிரி நிதானமாகக் குடித்தார். என் பெண்டாட்டிக்கு எந்த ஊர், கிணற்றில் எவ்வளவு தண்ணீர், மாடு எத்தனை பல் போட்டிருக்கிறது, எல்லாம் விசாரித்தார். பொழுது சாய்ந்தது. "அப்ப நான் கெளம்புறேன்" என்றார். கிளம்பவில்லை. என் மாடுகளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி மாடுகளைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கிற வடக்கயிற்றை எடுத்து வந்து காரின் முன்னால் கட்டினேன். நுகத்தடியில் மாட்டைப் பூட்டினேன். திண்டுக்கல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் அவர் காருக்குள் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தபடி என்னோடு பேசிக்கொண்டு வந்தார். மாடு இழுப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் அப்படித்தான். கார் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்து மனிதரைப் பார்க்கத்தான் வந்திருப்பார். செருப்புத் தைக்கிறவர் பக்கத்தில் நின்றால் அவரை. ஆடு மேய்க்கிறவள் பக்கத்தில் நின்றால் அவளை. ஒருநாள் ஐயனார் கோவிலுக்கு எதிரே நின்றுவிட்டது. பக்கத்தில் ஆளே இல்லை. பூசாரி வருகிற வரைக்கும் பனை மரத்து நிழலில் காத்திருந்து, அவர் வந்ததும், உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பூசாரியே வந்து எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை தன் தேசத்துக்குப் போகும்போது விட்டுப்போன கார் அது. எஞ்சின் கெட்டுப்போய் வெறும் கூடாகக் கிடந்தது. பாய் அதை வாங்கி, எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மோட்டாரை வைத்தார். முன்னால் லாரி பேட்டரி. பின்னால் லாரி பேட்டரி. சீட்டுக்கு அடியிலும் பேட்டரி. பேட்டரி வைத்தது போக மிச்ச இடத்தில் ஆள் உட்காரலாம். கியர் கிடையாது. ஒரு பித்தளைக் கைப்பிடி மட்டும் இருக்கும். முன்னால் தள்ளினால் போகும். இழுத்தால் நிற்கும். இழுக்காமலே நின்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சத்தம் இல்லாததில் ஒரு சங்கடம் இருந்தது. ஆடு விலகாது. நடக்கிற ஆள் விலக மாட்டான். கருவாட்டுக் கூடையோடு நடந்த ஒரு பொம்பளைக்குப் பின்னால், ரப்பர் பந்து ஹாரனை அமுக்காமலே வந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்துப் பயந்து கூடையைப் போட்டுவிட்டு, பாயின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் கருவாட்டைப் பொறுக்கிக் கொடுத்து, அவளையும் கூடையையும் காரில் ஏற்றி அவள் ஊரில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் காரில் கருவாட்டு வாடை போகவில்லை. மறுநாள் என்னிடம் வந்து பழைய சலங்கை இருக்கிறதா என்று கேட்டார். மாடுகளின் பழைய கழுத்துச் சலங்கையைக் கொடுத்தேன். காரின் முன்னால் கட்டிக்கொண்டார். சலங் சலங் என்று வரும். தூரத்தில் கேட்கும்போதே என் மாடு இரண்டும் காதை நிமிர்த்தும். அது அவற்றின் சலங்கை அல்லவா.

எங்கள் ஊர் டீக்கடையில் இந்தக் கார் தினப்படிக்கு ஆகுமா ஆகாதா என்று பேச்சு நடக்கும். பாய் இருக்கும்போதும் நடக்கும். அவர் கோபப்பட மாட்டார். எஞ்சினைக் கிளப்பக் கிராங்கி போட்டுச் சுற்றிக் கையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பெட்ரோலுக்கு அலைய வேண்டாம், புகை இல்லை, நாற்றம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்று விரலை மடக்கிச் சொல்வார். எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு விரல் போதும். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டிக்குப் போனால் திரும்பி வராது. அதோடு பேச்சு முடிந்தது. லாரிக்காரர்கள் இறங்கி டீ குடிக்கும்போது, "என்ன பாய், இன்னைக்கு எத்தன மாட்டு சக்தி?" என்பார்கள். "ரெண்டு. ஒண்ணு செவல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் கார் நின்றது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மாடு துணைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாட்டுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம் என்று உண்டு. நடுவில் அவிழ்த்துத் தண்ணீர் காட்ட வேண்டும். வைக்கோல் போட வேண்டும். அசை போட விட வேண்டும். அவசரப்படுகிறவன் மாடு வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காரும் அப்படித்தான். இதை டீக்கடையில் ஒரு தடவை சொன்னேன். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எங்கள் பக்கம் கரண்டு வந்தது. கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் வைத்தார்கள். எனக்கும் வந்தது. கமலை வடம் சும்மா கிடந்தது. எங்களுக்கு அது தண்ணீருக்கு வந்த கரண்டு. பாய்க்கு அவருக்காகவே ரோட்டோரம் கம்பம் நட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். சார்ஜர் பெட்டி ஒன்றைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டார். எந்தக் கிணற்றுப் பக்கம் சார்ஜ் குறைகிறதோ, அந்த மோட்டார் ரூமுக்குப் போவார். ஒயரை மாட்டுவார். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு அவர் அந்த வீட்டு ஆள். மோட்டார் ஃபியூஸ் போயிருந்தால் போட்டுக் கொடுப்பார். பிள்ளைகளுக்குத் திண்டுக்கல்லிலிருந்து பன் கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டு மொச்சைக் குழம்பு எந்தக் கிழமை என்பதும் தெரியும். கார் சரியாக அந்தக் கிழமையில் எங்கள் மேட்டில் நிற்கும். என் பெண்டாட்டி சோற்றில் ஒரு பிடி, வெஞ்சனத்தில் ஒரு கரண்டி கூடப் போட ஆரம்பித்துவிட்டாள்.

பொய் சொல்கிறார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. செவலைக்குக் கழிச்சல் வந்து சாகக் கிடந்தபோது, சேதி தெரிந்து பஸ் ஏறி வந்து, ராத்திரி வரைக்கும் கூட உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தேன் என்று வாயால் சொன்னதை அவர் பிறகு மெய்யாக்கிவிடுவார்.

அவர் ஒருவரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டிய நேரம் ஒன்று வந்தது. என் மச்சானுக்குப் பக்கத்திலேயே தென்னந்தோப்பு. அவன் நல்லவன். கை சும்மா இருக்காது. பேட்டரிக்குப் பாய் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற மாட்டார். கண்ணாடி ஜாடியில் சுத்தத் தண்ணீர் தனியாகக் கொண்டு வருவார். ஒருநாள் மச்சான் தோப்பில் காரை நிறுத்திவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். மச்சான் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். தண்ணீர் குறைந்திருந்தது. ஜாடியும் காலி. சுத்தமான தண்ணீர்தானே வேண்டும் என்று யோசித்திருக்கிறான். சாமி தலையில் ஊற்றுகிறோம், காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிறோம், மண்ணைத் தொடாமல் மரத்து உச்சியில் இருக்கிறது, இளநீரை விடச் சுத்தம் எது? எட்டுப் பத்துக் காயைச் சீவி எல்லாப் பேட்டரியிலும் ஊற்றிவிட்டான். சிந்தாமல் ஊற்றினேன் பாய் என்று வேறு சொன்னான்.

பாய் குனிந்து பார்த்தார். விரலில் தொட்டு முகர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செவ்வெளநியா, பச்சையா?" என்றார்.

செவ்விளநீர் என்றான் மச்சான்.

"வண்டிக்கும் ஒசந்ததாத்தான் குடுத்துருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிக் கவிழ்த்து, கழுவி, கடைக்குக் கொண்டு போய்ச் சரிபண்ண ஒரு வாரம் ஆனது. கார் அந்த வாரம் முழுக்கத் தோப்பில் நின்றது. யாராவது கேட்டால், இளநீர் குடித்துவிட்டு அசந்து தூங்குகிறது என்பார்.

அவருக்கு ஒரே மகள். வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி கனத்த உடம்புக்காரர். வெள்ளை ஜிப்பா போட்டிருப்பார். நல்ல பெட்ரோல் கார் வைத்திருந்தார். பாயின் காருக்கு அவர் டார்ச் லைட் என்று பெயர் வைத்திருந்தார். பாய் அங்கே போகும்போதெல்லாம், "வாங்க சம்பந்தி. கட்டய மாத்திட்டீங்களா?" என்று டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டையைச் சொல்லி எல்லார் முன்னாலும் கேட்பார். கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படிக் கேட்டாராம். பாய் அதை எங்களிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய்க் காரைத் துடைத்தார்.

மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பெட்ரோல் நாற்றம் ஆகவில்லை. சம்பந்தி தன் காரில் ஏற்றிப் பார்த்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து மயங்கிவிட்டாள். திரும்பக் கொண்டு போனார்கள். இன்னொரு நாள் பார்த்தார்கள். அதே கதி. பஸ்ஸைப் பற்றி நினைக்கவே முடியாது. மாட்டு வண்டியில் அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு வரவும் பயம். வீட்டிலும் அவளுக்குச் சோறு தங்கவில்லை, தூக்கம் இல்லை. திண்டுக்கல்லில் அவள் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நாள் தள்ளிப் போனால் எதிலும் ஏற்ற முடியாது. மகளுக்குத் தலைப்பிள்ளை தாய் பக்கத்தில் இல்லாமல்தான் பிறக்கும்.

பாய் வத்தலக்குண்டுக்குப் போய், என் காரில் கூட்டிப் போகிறேன், அதில் நாற்றம் இல்லை என்றார். சம்பந்தி யோசித்தார். கடைசியில் ஒரு பேச்சுப் பேசினார். அதைப் பாய் எங்களிடம் அப்படியே சொன்னார்.

"சரி. ஒங்க டார்ச் லைட்லயே கூட்டிட்டுப் போங்க. நானும் கூட வருவேன். நடுவுல எங்கயாச்சும் நின்னுச்சு, அந்த எடத்துலயே ஒரு வில்வண்டியப் பிடிச்சு மருமகளத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். பிள்ளப்பேறு எங்க வீட்டுலதான். அப்பறம் நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது."

பாய் ஒத்துக்கொண்டார். காரை முன்கூட்டியே வத்தலக்குண்டு மண்டியில் கொண்டு போய்ச் சார்ஜுக்குப் போட்டார். பிறகு பஸ்ஸில் திரும்பி வந்து, வழியில் ஒவ்வொரு பம்புசெட்டுக்காரரையும் பார்த்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். உட்காரவில்லை. அவர் உட்காராமல் பேசியது அன்றைக்குத்தான். நாளைக்கு மோட்டார் ரூமைத் திறந்து வைத்திருக்கச் சொன்னார். எங்கெங்கே சார்ஜ் ஏற்ற நிறுத்துகிறாரோ அங்கெல்லாம் விருந்துக்கு இறங்கிய மாதிரி இருக்க வேண்டும். அப்போது அது நின்ற கணக்கில் வராது. என் பெண்டாட்டி, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றாள்.

போகும்போது என் தோளைத் தொட்டார். "ஒண்ணே ஒண்ணு மாப்ள. மாட்ட மட்டும் நாளைக்கு ரோட்டுப் பக்கம் காட்டாதீங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மாடு இரண்டையும் வைக்கோல்போருக்குப் பின்னால் கொண்டு போய்க் கட்டினேன். பத்து மணி வாக்கில் மோட்டார் ரூமைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. மறுபடி போட்டேன். ஓடவில்லை. பக்கத்துக் கிணற்றிலும் ஓடவில்லை. செம்பட்டிப் பக்கம் புதுக் கம்பம் நடுகிறார்கள், சாயங்காலம் வரைக்கும் கரண்டு இருக்காது என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார்.

பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப சோறக் கூட வடிப்போம். சாப்பிட்டு முடிக்கவாச்சும் நேரமாகும்" என்றாள்.

கோரைப்பாய் விரித்தாள். மோர் கலக்கினாள். மச்சான் இளநீர்க் குலையோடு வந்துவிட்டான். பேட்டரிப் பக்கம் போகக் கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் சலங்கை கேட்டது. செம்பட்டியில் பாதி சார்ஜ் ஏறும்போதே கரண்டு போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. சம்பந்தியின் கனம் வேறு. மேட்டுக்குக் கீழே சலங் சலங் என்று வந்தது. மேட்டில் சலங்... சலங்... என்று ஆனது. பிறகு கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ரோட்டுக்குப் போனோம். என் பெண்டாட்டி மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம். எல போட்டாச்சு" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். மச்சான் பின்னால் நின்று, இளநீர் சீவியாச்சு என்றான்.

சம்பந்தி முதலில் இறங்கினார். கார் ஒரு சாண் மேலே எழும்பியது. எங்களைப் பார்த்தார். காரைப் பார்த்தார். சிரித்தார்.

"என்ன சம்பந்தி, இவங்களயும் பாக்கத்தான் வந்தீங்களா?" என்றார்.

பாய் இறங்கி என்னைப் பார்த்தார். நான் மோட்டார் ரூம் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினேன். இங்கேயும் கரண்டு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆமாம் என்று அவர் சொன்னால் போதும். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். கரண்டு வருகிற வரைக்கும் பேசிக்கொண்டும் இருந்திருப்போம். சாயங்காலமானாலும் என் பெண்டாட்டி விட்டிருக்க மாட்டாள். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அந்தப் பெண் இருந்தாள். பாய் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்.

"இல்ல சம்பந்தி" என்றார். "சார்ஜ் தீந்துபோச்சு. வண்டி நின்னுருச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. என் பெண்டாட்டி செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேசுனபடி நீங்க செஞ்சுக்கங்க. எம்மகள வெயில்ல வச்சுக்கிட்டு நான் கத சொல்ல மாட்டேன்" என்றார் பாய்.

சம்பந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தபடி காருக்குள் குனிந்தார். அப்படியே நின்றார். அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குழந்தை தூங்குகிற மாதிரி எச்சில் வழிந்திருந்தது. சம்பந்தி ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

எப்போது தூங்கினாள் என்று கேட்டார். வத்தலக்குண்டு தாண்டினதுமே என்றார் பாய். சம்பந்தி முன்னால் உட்கார்ந்து, கார் எப்போது நிற்கும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். செம்பட்டியில் இறங்கினபோதும் பின்னால் திரும்பவே இல்லை.

"எங்க வீட்டுல இது இப்பிடித் தூங்கி ஒரு மாசமாச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். வில்வண்டியில் ஏற்றினால் முழித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தப் பக்கம் மாடு ஏதாச்சும் கெடைக்குமா?"

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சலங்கைச் சத்தம் கேட்டதும் செவலை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கயிறு தரையில் இழுபட்டது. பின்னாலேயே மயிலை. இரண்டும் நேராகக் காருக்கு முன்னால் போய், செவலை இடப்பக்கம், மயிலை வலப்பக்கம், தங்கள் இடத்தில் நின்றுகொண்டன.

சம்பந்தி மாட்டைப் பார்த்தார். காரின் முன்னால் வடம் உராய்ந்து பெயிண்ட் போயிருந்த இடத்தைப் பார்த்தார்.

"பழக்கப்பட்ட மாடு போல" என்றார்.



நான் வடத்தைக் கொண்டு வந்தேன். சத்தம் போடாமல் கட்டு என்று சம்பந்தி சைகை காட்டினார். மாடு கால் எடுத்து வைத்ததும் காரின் சலங்கை ஒலித்தது. அவரே குனிந்து, மூச்சு வாங்க, அதை அவிழ்த்து ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். ஏறச் சொன்னதற்கு, நான் ஏறினால் பாரம் என்று மறுத்துவிட்டார். என் பெண்டாட்டி சோற்றை இலையில் கட்டிக் காரில் வைத்தாள். மச்சான் ஒரு இளநீரைச் சம்பந்தி கையில் கொடுத்தான். குடித்துக்கொண்டே நடந்தார். அவர் அவ்வளவு தூரம் நடந்து ரொம்ப வருஷம் இருக்கும். நடையைப் பார்த்தால் தெரிந்தது.

டீக்கடையில் எங்களைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் எழுந்து வாயைத் திறந்தார்கள். சம்பந்தி உதட்டில் விரலை வைத்தார். மூடிக்கொண்டார்கள். எதிரே வந்த லாரிக்காரர், மாட்டு சக்தி என்று ஆரம்பிப்பதற்குள் அதே விரல். அவர் எஞ்சினையே நிறுத்திவிட்டு எங்களைப் போக விட்டார். திண்டுக்கல் வரைக்கும் ரோடு அன்றைக்கு அமைதியாக இருந்தது. பாய் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் பேசவில்லை. நடுநடுவே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நிழல் இருந்த இடங்களில் மாட்டை நிறுத்தி ஆற விட்டேன். தண்ணீர் காட்டினேன். அப்போதும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் அவர் தெருமுனைக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாய் கையைக் காட்டினார். மாட்டை அவிழ்த்துச் சுவரோரம் நிறுத்தினேன். இவ்வளவு நேரம் சும்மா இருந்த பேட்டரியில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கும், ஒரு தெருவுக்குக் காணும் என்றார் பாய். பித்தளைக் கைப்பிடியைத் தள்ளினார். கார் தானாக நகர்ந்தது. சம்பந்தி பின்னாலேயே நடந்தார்.

வீடு முனைக்குப் பக்கத்தில்தான். கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணின் அம்மா ஓடி வந்தாள். அம்மாவின் குரல் கேட்டதும் பெண் கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"அத்தா, அதுக்குள்ள வந்துட்டமா? எங்கயுமே நிக்கலயா?"

பாய் வாயைத் திறந்தார். சம்பந்தி முந்திக்கொண்டார்.

"எங்கம்மா நின்னுச்சு?" என்றார்.

தெருமுனையில் செவலை நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.